தீந்துபோச்சு என்று சொல்லப் பழகிய வருஷம்

"உங்க சிறுநீரகம் உங்க தம்பிக்கு நல்லாப் பொருந்துதும்மா. ஆனா இப்ப எடுக்க முடியாது" என்றார் டாக்டர் அம்மா.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. எனக்கு ஒரு பக்கம் தம்பி, மறுபக்கம் என் வீட்டுக்காரர். பொருந்துகிறது என்ற முதல் பாதியிலேயே நான் மாரியம்மனுக்கு மனசுக்குள் கும்பிடு போட்டுவிட்டேன். இரண்டாவது பாதி காதில் விழக் கொஞ்சம் நேரமாயிற்று.

"ஏன் முடியாது?"

"உங்க எடை. தொண்ணூறைத் தாண்டியிருக்கு. இந்த உடம்போட ஆபரேஷன் பண்ணினா உங்களுக்கு ஆபத்து. எழுபத்தஞ்சுக்குள்ள வாங்க, எடுத்துக்கறோம்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் அதைவிட நீளம். "ஏம்மா, நான் குடுக்கப்போறது உள்ள இருக்கறதை. மேல எவ்ளோ சதை இருந்தா உங்களுக்கு இன்னா? காய்கறியா வாங்கறீங்க, எடை போட்டு எடுக்க?" என்று கேட்டுவிட்டேன். வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். டாக்டர் அம்மாவுக்குக் கோபம் வரவில்லை, சிரித்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மாசத்துக்கு ரெண்டு கிலோ குறைஞ்சாப் போதும். அளவாச் சாப்பிடுங்க, நடங்க. பட்டினி மட்டும் கிடக்காதீங்க. பட்டினி கிடந்து வந்தீங்கன்னா பரிசோதனையில தெரிஞ்சுடும், திருப்பி அனுப்பிடுவேன்" என்றார்.

தம்பி என்னைவிட எட்டு வயது சின்னவன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகிற டிராக்டர் ஓட்டுகிறவன். அரவைக் காலத்தில் ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். பகலும் ராத்திரியுமாகக் காத்துக் கிடக்க வேண்டும். தலை வலிக்கிறது என்று பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கி மிட்டாய் மாதிரி தின்றிருக்கிறான். அது ரத்தக் கொதிப்பு என்று தெரிந்தபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணித்தான் உயிரோடு வைத்திருந்தார்கள். அவன் பெண்டாட்டியின் ரத்த வகை சேரவில்லை. எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை. மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

என் உடம்பு ஏன் அப்படி ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன மெஸ். வீட்டுக்காரர் மாவு அரைப்பது, டீ போடுவது, பரிமாறுவது. அடுப்பு என்னுடையது. எங்கள் கடையில் ஒரு வீம்பு உண்டு. வந்து உட்கார்ந்த ஆளிடம் "தீந்துபோச்சு" என்று சொல்லக் கூடாது. சொன்னால் கடைக்குக் கேவலம், அடுப்புக்காரிக்கு அதைவிடக் கேவலம். அதனால் எப்போதும் பத்துப் பேருக்கு ஜாஸ்தியாகவே வடிப்பேன். பத்துப் பேர் வரமாட்டார்கள். சோற்றைக் கொட்ட மனசு வராது. மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் மிச்சச் சோறு, அடிச் சாம்பார், ஆறிப்போன வடை எல்லாவற்றையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவேன். காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை என்ற நினைப்பு வேறு. பதினைந்து வருஷம் அந்தப் பத்துப் பேருடைய சோற்றையும் நான்தான் தின்றிருக்கிறேன்.

பாண்டிச்சேரியிலிருந்து வந்ததும் முதலில் செய்த காரியம், பக்கத்து அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் ஏறி நின்றதுதான். ஆஸ்பத்திரித் தராசு பொய் சொல்லியிருக்கும் என்று ஒரு சபலம். மூட்டை தூக்குகிற ஆள் ஒருத்தர் முள்ளைப் பார்த்துவிட்டு, "அக்கா, உன்னை இறக்கறதுக்கு ரெண்டு ஆள் வேணும்" என்றார். "உங்கப்பனைக் கூப்டு, ரெண்டு பேருமா சேந்து தூக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். தராசு பொய் சொல்லவில்லை.

அது ஆடி மாசம். எங்கள் பக்கத்தில் பெண்கள் ஏதாவது ஒன்று நடக்க வேண்டும் என்று நினைத்தால் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு ஒரு பொழுது இருப்பார்கள். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர், பொழுது சாய்ந்து விளக்கு ஏற்றிப் படைத்த பிறகு ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. நானும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். அம்மனுக்கு வேண்டின மாதிரியும் ஆயிற்று, எடை குறைந்த மாதிரியும் ஆயிற்று என்று கணக்கு. பட்டினி கூடாது என்றார்களே என்று வீட்டுக்காரர் கேட்டார். "இது பட்டினியா? விரதம்" என்று அவர் வாயை அடைத்தேன். எனக்கும் மனசார அப்படித்தான் தோன்றியது. பட்டினி வேறு, விரதம் வேறு.

அந்த ஒரு வேளைச் சாப்பாடு எப்படி இருந்தது என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. சாமிக்குப் படைத்தது, சும்மா படைக்க முடியுமா? சர்க்கரைப் பொங்கல், உளுந்து வடை, இலை நிறையச் சோறு. நாள் பூராவும் வாயைக் கட்டினவளுக்கு இது கூடவா கிடையாது என்று ஒரு நியாயம். ஆடி முடியும் சமயத்தில் ஒரு நாள் காலையில் தோசைக்கல்லுக்கு முன்னாலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழும்போது கல்லில் கையை ஊன்றிவிட்டேன். இடது உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கையில் கட்டோடு பாண்டிச்சேரிக்குப் போனேன். எடை இரண்டு கிலோ கூட இறங்கவில்லை. ரத்தம் மட்டும் நன்றாகக் குறைந்திருந்தது. டாக்டர் அம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. "முதல்ல ரத்தத்தை ஏத்தணும். அப்புறம்தான் எடையைப் பத்தியே பேசணும். நீங்க எனக்கு மாசக்கணக்கில வேலை வச்சுட்டீங்க" என்றார். "எனக்கில்ல, உங்க தம்பிக்கு" என்று அவரே திருத்திச் சொன்னார். 

திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறினோம். சாப்பாட்டுக் கடைகளின் வாசனை பஸ்ஸுக்குள் வரைக்கும் வந்தது. தம்பி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வரிசையாக நிற்கிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வுடுக்கா. ஆனது ஆவட்டும்" என்றான். திட்டியிருந்தால் தேவலை. 

அடுத்த வாரம் தம்பி பெண்டாட்டி கடைக்கு வந்தாள். அவளுக்கும் எனக்கும் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. அப்பா வீட்டில் குறுக்குச் சுவர் வைத்தபோது வந்த சண்டை. ஆஸ்பத்திரிக்குக்கூட நான் வருகிற நாளில் அவள் வரமாட்டாள். வந்தவள் சரியாக மூன்று மணிக்கு வந்தாள். நான் மிச்சச் சோற்றில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன், தட்டோரம் போண்டா இரண்டு. நின்று பார்த்தாள்.

"இத்தத் தின்னுக்கினுதான் எடை கொறைக்கிறீங்களா அண்ணி? குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லிடுங்க. ஊர்ல அப்டித்தான் பேசிக்கிறாங்க, அக்காக்காரி எடையச் சாக்கு சொல்லிக்கினு தப்பிக்கிறான்னு. அவுருக்கு ரத்தம் சுத்தம் பண்ணக் கையில ஊசி போட்ற நரம்பு அடச்சிக்கிச்சு. இப்ப கழுத்துல கொழாய் சொருகி வச்சிருக்காங்க. அது அடச்சிக்கிச்சுன்னா அப்புறம் போட்றதுக்கு எடமில்லையாம்."

எழுந்து ஓர் அறை விடலாம் போல இருந்தது. பிசைந்த கை பிசைந்தபடி இருந்தது. குடுக்க மனசில்லாதவளா நான்? அவன் நடை பழகினது என் விரலைப் பிடித்துக்கொண்டு. ஆனால் தட்டு என் முன்னால்தான் இருந்தது, அதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவள்மேல் வந்த கோபம் பாதியிலேயே என்மேல் திரும்பிவிட்டது.

"நாளையிலேர்ந்து தெனம் மூணு மணிக்கு வா. என்கூட நட. நான் இன்னா திங்கறேன், எவ்ளோ நடக்கறேன்னு உன் கண்ணால பாரு. அப்புறம் ஊருக்குப் போய்ச் சொல்லு" என்றேன்.

"வரேன்" என்றாள். சவாலுக்கு வருகிற மாதிரிதான் சொன்னாள்.

அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன். பதினைந்து கிலோ என்று நினைத்தாலே மலைப்பாக இருந்தது. கிலோ என் பேச்சைக் கேட்காது. காலும் கையும் கேட்கும். அதனால் கிலோவைத் தராசுக்காரரிடம் விட்டுவிட்டு, கால் கைக்கு மட்டும் உத்தரவு போடுவது என்று முடிவு பண்ணினேன். கைக்குப் போட்ட உத்தரவுதான் கஷ்டமானது: மூன்று மணிக்குப் பானையில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. அப்படியென்றால் குறைத்து வடிக்க வேண்டும். குறைத்து வடித்தால் யாரிடமாவது அந்த வார்த்தையைச் சொல்லியாக வேண்டும்.

முதல் தடவை சொன்னது தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிற ஒருத்தரிடம், தினம் வருகிறவர். இரண்டரை மணிக்கு வந்து இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "சோறு தீந்துபோச்சுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இன்னாமா, உங்க கடையிலயேவா?" என்றார். வீட்டுக்காரர் கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மறுநாள் அவர் ஒரு மணிக்கே வந்துவிட்டார். வாரம் போகப் போக இன்னும் சிலர் நேரத்தோடு வர ஆரம்பித்தார்கள். இதற்காகவா பதினைந்து வருஷம் தின்றேன் என்று நினைத்து எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

அப்புறம் சாப்பாட்டு நேரம். காலையில் இரண்டு இட்லி. மத்தியானம் கூட்டம் வருவதற்கு முன்னாலேயே மூலை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். தட்டில் பாதிக்குக் கீரையும் பொரியலும், ஒரு கரண்டி சோறு, ஒரு முட்டை, மோர். ஆஸ்பத்திரியில் சாப்பாடு பற்றிச் சொல்கிற பெண் சொன்ன அளவு. கடைக்காரி முதலில் தின்னுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. "வர்றவங்க பாக்கறாங்கமே" என்று வீட்டுக்காரர் கூச்சப்பட்டார். "பாத்தா பாக்கட்டும். பாத்தா அவங்களுக்கும் வாங்கித் தின்னணும்னு தோணும்" என்றேன். பசியோடு அடுப்பில் நிற்காததால் போண்டாமேல் கை போவது குறைந்தது. மூன்று மணி ஆனால் செருப்பை மாட்டிக்கொள்வேன்.

கச்சிராயப்பாளையம் ரோட்டில் நடப்போம். முதல் பத்துப் பதினைந்து நாள் அவள் முன்னால், நான் பின்னால், பேச்சு கிடையாது. கரும்பு டிராக்டர்காரர்கள் எல்லோருக்கும் தம்பியைத் தெரியும். "அக்கா, டயர்ல காத்து ஜாஸ்தி, பாத்துப் போ" என்று ஒருத்தன் கத்திவிட்டுப் போனான். அவள் பொறுக்காமல் திரும்பி, "உன் வண்டியப் பாத்து ஓட்றா, மூஞ்சியப் பாரு" என்றாள். எனக்காகச் சண்டைக்குப் போகிறாளே என்று பார்த்தேன். அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே வரிசையில் நடந்து வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. அன்றைக்கு மலையேறுவது என்று வைத்துக்கொண்டேன். இதை யாரும் சொல்லவில்லை, என் வீம்பு. அவளும் கூட வந்தாள். பஸ்ஸில் போய் அடிவாரத்தில் இறங்கி, வெள்ளிமலைக்குப் போகிற ரோட்டிலேயே நடப்பது. வாரம் ஒரு வளைவு கூடுதலாக ஏற வேண்டும். உட்காராமல் ஏறினால்தான் கணக்கு. முட்டி வலித்தால் திரும்பிவிட வேண்டும். அது டாக்டர் அம்மா போனில் போட்ட கண்டிப்பு, அதை மட்டும் மீறவில்லை.

முதல் ஞாயிறு முதல் வளைவுக்கே நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காதுக்குள் உரல் இடிக்கிற மாதிரி சத்தம். மேலே போகிற காலி வேன் ஒன்று பக்கத்தில் நின்றது, ஓட்டினவர் கிழங்கு ஏற்றப் போகிறவர். "ஏறிக்கிறீங்களாமா, மேல வுட்டுட்றேன்" என்றார். ஏறிக்கொள்ளத்தான் ஆசையாக இருந்தது. தம்பி பெண்டாட்டி என்னையே பார்த்தாள். "வேணாம்பா, நீ போ" என்றேன். வேன் போன பிறகு அவள், "மெதுவா வாங்க அண்ணி. இன்னிக்கு இதுவே போதும்" என்றாள். வந்த நாளிலிருந்து அவள் நல்லபடியாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

சனிக்கிழமைகளில் அரிசி மண்டித் தராசு. மூட்டைக்காரர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர்தான் உளறியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு கிண்டலின் தினுசு மாறிவிட்டது. "அக்கா, மூட்டையில ஓட்டை வுழுந்துட்ச்சு, ஒழுவிக்கினே போவுது" என்பார்கள். ஐப்பசி வரைக்கும் ஒழுகியது. கார்த்திகையில் நின்றுவிட்டது. அதே கீரை, அதே நடை, முள் மட்டும் ஒரே இடத்தில். மூன்று சனிக்கிழமை போய் இறங்கும்போதும் அவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. கிண்டல் பண்ணியிருக்கலாம்.

அந்த மாசம்தான் களமருதூரில் சொந்தத்தில் ஒரு காது குத்து. கறிச் சோறு. பந்தியில் வேண்டாம் என்று சொன்னால் எங்கள் ஜனங்களுக்குக் கோபம் வந்துவிடும். "எங்க வூட்டுச் சோறு எறங்கலியா?" என்று கேட்டுக்கொண்டே இலையில் கொட்டிவிட்டுப் போவார்கள். பெரியம்மா ஒருத்தர் அன்னக்கூடையோடு என்னிடம் வந்து, "பாதியா எளச்சிட்ட, துண்ணுடி" என்று கரண்டியைச் சாய்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து இலையிலிருந்து தம்பி பெண்டாட்டி என் இலைக்கு மேல் தன் இரண்டு கையையும் விரித்துக் கவிழ்த்தாள். சோறு அவள் புறங்கையில் விழுந்தது, சுடு சோறு. "வேணாங்க பெரிமா. அண்ணி சாப்ட்டாச்சு" என்றாள். கையை எடுக்கவில்லை. 

மார்கழியில் முள் மறுபடி இறங்க ஆரம்பித்தது. மலையில் பாதி வளைவுகள் ஏறியிருந்தேன். தை பிறந்து ஆலையில் அரவை மும்முரமாக இருந்த நேரம், ஒரு நாள் காலையில் அவள் போன் பண்ணினாள். தம்பிக்கு மூச்சு விட முடியவில்லை. படுத்தால் மூழ்குகிற மாதிரி இருக்கிறதாம்.

அவனுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். குடித்தது வெளியே போகாது, நெஞ்சில்தான் சேரும். முதல் நாள் யாருக்கும் சொல்லாமல் மூங்கில்துறைப்பட்டுக்குப் பஸ் ஏறிப் போயிருக்கிறான். கூட ஓட்டுகிறவர்களோடு ஆலை வாசலில் உட்கார்ந்து கரும்புச் சாறு, அதற்கு மேல் குடம் குடமாகத் தண்ணீர். ஆஸ்பத்திரியில் அவசரமாக இயந்திரத்தில் போட்டு இழுத்துப் பிடித்தார்கள். கண் திறந்ததும் நான்தான் முன்னால் நின்றேன். நோயாளி என்று பார்க்கவில்லை, பிடித்துக்கொண்டேன்.

"நான் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக்கினு நாய் மாதிரி ரோட்ல அலையறேன். நீ ஒரு கெளாசு தண்ணிய அடக்க மாட்டியாடா? யாருக்காகடா நான் நடக்கறேன்?"

அவன் மெதுவாகச் சொன்னான். "நீ கொறச்சிக்கினு வர்றதுக்குள்ள நான் இருப்பனோ இல்லையோன்னு தோணிச்சுக்கா. அதான், ஒரே ஒரு தடவை வவுறு ரொம்பக் குடிச்சிட்டேன்."

 வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதேன். அழுது முடித்ததும் நான் நினைத்தது, இனி சோறே வேண்டாம், இன்றையிலிருந்து வெறும் மோர், பத்து நாளில் மிச்சத்தை இறக்கிவிடுகிறேன் என்பதுதான். வாய்விட்டும் சொல்லிவிட்டேன். தம்பி பெண்டாட்டி என் கையைப் பிடித்து இழுத்து பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"ஆடியில பண்ணது போதாதா அண்ணி? இன்னொரு தடவை ரத்தம் கம்மின்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னா அவுருக்கு அவ்ளோதான். நீங்க ஓடவும் வேணாம், நிக்கவும் வேணாம். நேத்து நடந்த மாதிரியே இன்னிக்கும் நடங்க. அவுரு இருப்பாரு. இருக்க வெக்கிறது என் வேலை."

டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தாள். என் அளவுச் சாப்பாடு. காலையில் அந்தக் கலவரத்திலும் கட்டி எடுத்து வந்திருக்கிறாள். என் வாழ்க்கையில் தொண்டையில் இறங்காத சோறு என்றால் அதுதான். ஆனாலும் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றேன்.

அதற்குப் பிறகு நான் யாரோடும் சண்டை போடவில்லை, தராசோடு கூட. பல்லைக் கடித்துக்கொண்டு செய்ததையே செய்தேன். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி வளைவும் ஏறி முடிந்தது. மேலே ரோடு சமமாகிவிடுகிறது. கொஞ்ச தூரத்துக்கு நான் இன்னும் ஏறுகிற மாதிரியே குனிந்து நடந்துகொண்டிருந்தேனாம், அவள்தான் சொல்லிச் சிரித்தாள். ஒரு வீட்டு வாசலில் அவித்த மரவள்ளிக் கிழங்கு கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு தின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து இறங்கிவிட்டோம். மறுநாள் இட்லிக்கு ஊறப் போட வேண்டியிருந்தது.

பாண்டிச்சேரித் தராசில் ஏறினபோது கண்ணை மூடிக்கொண்டேன். "எழுபத்தி நாலு" என்றார் நர்ஸ். ரத்தம் சரி, கொதிப்பு சரி. டாக்டர் அம்மா காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இப்ப எடுத்துக்கலாம்" என்றார். பிறகு உறுப்பு தானத்துக்கு அனுமதி கொடுக்கிற ஒரு குழுவின் முன்னால் உட்கார வைத்து, யாராவது வற்புறுத்தி ஒத்துக்கொண்டீர்களா என்று கேட்டார்கள். "என்னை வற்புறுத்தறதுக்குக் கள்ளக்குறிச்சியில இன்னும் ஆள் பொறக்கலைங்க" என்றேன். அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர்தான் கையெழுத்துப் போடும்போது பேனாவை வைத்துவிட்டு, "இவளுக்கு ஒண்ணும் ஆவாதில்லீங்க?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்காகப் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அப்போதுதான் லேசாகப் பயம் வந்தது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது விலாவில் நெருப்பு. தண்ணீர் கேட்டேன், உதட்டை நனைத்தார்கள். தம்பி வேறு அறையில். யாரைக் கேட்டாலும் "நல்லா இருக்காரு" என்கிறார்கள், அந்தப் பேச்சு எனக்கு உதவவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி பெண்டாட்டி கதவோரம் வந்து நின்றாள். உள்ளே விட மாட்டார்கள். முகத்தைப் பார்த்தால் அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"அண்ணி, அவுருக்கு ஒண்ணுக்கு வந்துட்ச்சு" என்றாள். "ஒன்றரை வருசம் கழிச்சு. பை ரொம்பிக்கினே போவுது. நர்சம்மா மாத்தி மாத்தி வைக்கிறாங்க."

வார்டில் அத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற வெட்கமே இல்லாமல் அழுதேன். தையல் இழுத்தது. இழுக்கட்டும் என்று அழுதேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் பெரிய ஆள். முடியவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மா, "இனி உங்களுக்கும் ஒண்ணுதான். எடை ஏறினா கொதிப்பு வரும், சர்க்கரை வரும், அந்த ஒண்ணு தாங்காது. நடக்கறதை நிறுத்தாதீங்க" என்றார். தலையாட்டினேன். தம்பி தேறினான், டிராக்டரில் ஏறினான். அவளுக்கும் வேலை, மூன்று மணிக்கு வருவது நின்றது. நானும் நாளைக்கு நடக்கலாம் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். ஒருத்தன் உயிருக்காக என்றால் மலை ஏறுகிறது இந்தக் கால். எனக்காக என்றதும் வாசலைத் தாண்ட மறுக்கிறது. கூட்டம் வேறு கூடியிருந்தது, கடையில் மறுபடி ஜாஸ்தியாக வடிக்க ஆரம்பித்தேன்.

வருஷப் பரிசோதனைக்கு அக்காளும் தம்பியும் ஒன்றாகத்தான் போனோம். அவனுக்கு எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு எட்டு கிலோ ஏறியிருந்தது, கொதிப்பு எட்டிப் பார்த்திருந்தது. டாக்டர் அம்மா மாத்திரை எழுதினார். நான் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, "வயசாவுதில்ல, வர்றதுதான்" என்று சொல்லிக்கொண்டே வராந்தாவுக்கு வந்தேன். தம்பி பின்னால் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். உடம்பு மோசமாக இருந்தபோதுகூட அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"என்னுது போச்சு, நீ குடுத்த" என்றான். "உன்னுது போச்சுன்னா நான் இன்னாக்கா பண்ணுவேன்? எனக்கு இருக்கறதே உன்னுது. அத்தத் திருப்பி உனக்குக் குடுக்க முடியுமா? சொல்லு, முடியுமா?"

பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் குரல் உயர்த்தினதில்லை. வராந்தாவில் எல்லோரும் பார்த்தார்கள். 

வெளியே வந்து வழக்கம்போல ஆட்டோவுக்குக் கை காட்டினேன். அவன் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். "பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தான். முன்னெல்லாம் இரண்டு படி ஏறினாலே உட்கார்ந்துகொண்டிருந்தவன். அவன் வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, மூச்சு வாங்க அவன் பின்னால் போனேன்.

"டேய், மெதுவாப் போடா" என்றேன். அவன் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை.